பெருநாளுக்கு மறுநாள்

மார்கழி மழையோடு கிறிஸ்துமஸ் பெருநாளும் வந்து சேர்கிறது. தோட்டத்தில் எந்த வீடு கிறிஸ்துவர் வீடு என்று புதிதாய் வந்தவரும் யாரையும் கேட்கத் தேவையில்லை. அஞ்சடியில் தொங்கும் நட்சத்திர விளக்கே காட்டிக் கொடுத்துவிடும். அச்சு முறுக்கும் கல்கலும் சுடும் மணம் நான்கு வீடு தள்ளியும் வீசும். நள்ளிரவுத் திருப்பலி முடித்து வந்த குடும்பத்தார் உறங்கி எழுவதற்குள் அண்டை வீட்டு இந்துப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் வாசலில் வந்து நிற்பர். நாம் நெஞ்சாரப் போற்றும் காட்சிகள் இவை.

ஆயின், 26ஆம் தேதி காலையில் லயத்தின் பின்புறம் சென்று பார்த்ததுண்டா? மெழுகு பூசிய காகிதத் தட்டுகள், பிளாஸ்டிக் குவளைகள், உறிஞ்சு குழல்கள், பரிசுப் பொருள்களைச் சுற்றி வந்த மினுமினுப்புத் தாள்கள், ஒரே இரவில் அறுந்துபோன பளபளப்புத் தோரணங்கள் யாவும் அங்கே மழையில் நனைந்து கிடக்கும். பட்டணத்துத் தாமான்களுக்குக் குறித்த நாளில் குப்பை லாரி வருகிறது. தோட்டமோ தனியார் நிலம். பல தோட்டங்களுக்குள் அந்த லாரி நுழைவதில்லை. ஆகவே குப்பை குழிக்குப் போகிறது, அல்லது நெருப்புக்குப் போகிறது. இரண்டும் நம்மைவிட்டு வெகுதூரம் போய்விடுவதில்லை.

நெருப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம். செயற்கைக் கிறிஸ்துமஸ் மரங்களும் பளபளப்புத் தோரணங்களும் பெரும்பாலும் பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. அதில் குளோரின் கலந்திருக்கிறது. அதை எரித்தால் மூக்கையும் தொண்டையையும் அரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு எழும்; டையாக்சின் என்னும் கொடிய நஞ்சும் உண்டாகும். இந்நஞ்சு புகையோடு மறைந்துவிடுவதில்லை. புல்லின்மீதும் மண்ணின்மீதும் படியும். அப்புல்லை மேயும் மாட்டின் பாலிலும், அம்மண்ணைக் கிளறும் கோழியின் முட்டையிலும் சேரும். லயத்தில் மாடும் கோழியும் வளர்ப்போர் நாமேயன்றோ? இழுப்பு நோயுள்ள குழந்தை முதலில் இருமுகிறது. பாலும் முட்டையும் பிறகு வருகின்றன. திறந்தவெளியில் குப்பை எரிப்பதை 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டமும் தடை செய்கிறது. ஆனால் சட்டத்துக்கு அஞ்சி நிறுத்துவதைவிட, பிள்ளையின் மூச்சை எண்ணி நிறுத்துவதே நமக்கு அழகு.

எரிக்காமல் விட்டுவிட்டால் போதுமா என்றால், அதுவும் போதாது. தூக்கியெறிந்த குவளையில் தேங்கும் மழைநீர் ஏடிஸ் கொசுவுக்குத் தாராளம். முட்டை கொசுவாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். கிறிஸ்துமஸ் அன்று எறிந்த குவளை புத்தாண்டு வாரத்தில் டிங்கிக் காய்ச்சலுக்குக் கதவு திறந்துவிடுகிறது. நீர் வற்றினாலும் முட்டைகள் பல மாதம் சாகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

நம் பெற்றோர் காலத்தில் இத்தனை குப்பை இருந்ததா? செம்பனை ஈர்க்கையோ மூங்கிற் கீற்றையோ வளைத்துக் கட்டி, வண்ணத்தாள் ஒட்டிய நட்சத்திரத்தை அவர்கள் தொங்கவிட்டார்கள். உணவு வாழையிலையில் பரிமாறப்பட்டது. அண்டை வீட்டுக்குத் தூக்குச் சட்டியில் போயிற்று. அந்தத் தூக்குச் சட்டி வெறுமையாகத் திரும்பியதும் இல்லை. அக்காலத்தவர் சுற்றுச்சூழல் என்ற சொல்லைக் கேட்டறியாதவர்கள். வறுமையால் அவ்வாறு வாழ்ந்தார்கள் என்பதே உண்மை. அவ்வறுமையை நாம் புகழ்ந்து பேசப் போவதில்லை. கையில் நாலு காசு வந்தபோது, வாங்கி எறிவதே முன்னேற்றம் என்று நமக்குத் தோன்றியது. யாரையும் இதற்காகக் குறை கூற முடியாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். எறியும் தட்டுகள் நம் வீட்டுக்குள் வந்ததற்குச் சோம்பல் காரணமன்று. விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய் வந்த தாய், பெருநாளன்று அறுபது தட்டுகளைத் தனியே குந்திக் கழுவ வேண்டியிருந்தது. காகிதத் தட்டு அவளுக்கு ஓய்வு தந்தது. எனவே, பழைய பீங்கான் தட்டுகளை மீண்டும் எடுங்கள் என்று மேடையில் பேசிவிட்டு, கழுவும் வேலையை மறுபடியும் அவள் தலையிலேயே கட்டினால் அது அநீதியாகும். உண்டவர் கழுவட்டும். ஆண் பிள்ளைகளும் கழுவட்டும். அப்பாமார்களும் கழுவலாம், கை தேய்ந்துவிடாது. தட்டுகள் போதவில்லையென்றால் தோட்டத்துப் பொது மண்டபத்தில் இருப்பவற்றைக் கேட்டு வாங்கலாம். (கோயில் பாத்திரங்களைக் கேட்க வேண்டாம்; இறைச்சிக் குழம்புக்கு அவை ஆகா.) தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் அதே தட்டுகள் வீடு மாறிச் செல்லட்டும்.

மரத்தைக் குறித்துப் பலர் குழம்புகின்றனர். செயற்கை மரம் கேடு என்று கேள்விப்பட்டவுடன் வீட்டிலுள்ள மரத்தை எறிந்துவிட்டு வேறொன்று தேட வேண்டியதில்லை. அது வீட்டில் நிற்கும்வரை கேடு செய்யாது. குழியிலும் நெருப்பிலும்தான் செய்யும். இருப்பதைத் துடைத்து, மூட்டை கட்டிப் பரணில் வைத்து, இருபது ஆண்டு பயன்படுத்துவதே சிக்கனம். அமெரிக்காவிலிருந்து குளிர்பதனப் பெட்டியில் கப்பலேறி வரும் ஊசியிலை மரம் நமக்கு வேண்டாம். இதுவரை மரமே வாங்காதவர்கள் தொட்டியில் வளரும் செடியொன்றை அலங்கரிக்கலாம். பழைய குண்டு விளக்குகள் எரிந்துபோனால் எல்.இ.டி. விளக்குகளை வாங்குவது நலம். அவை நான்கில் ஒரு பங்கு மின்சாரத்துக்கும் குறைவாகவே உண்ணும்.

பரிசுத்தாளைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. கையில் கசக்கி விடுங்கள். கசங்கியபடியே கிடந்தால் பெரும்பாலும் காகிதம். விரிந்து எழுந்தால் பிளாஸ்டிக் கலந்தது, பழைய காகிதம் வாங்குவோர் அதை ஏற்கமாட்டார்கள். நாளிதழின் வண்ணப்பக்கத்தில் சுற்றிக் கொடுத்தாலும் உள்ளிருக்கும் பொருள் அதேதான். முறுக்கு சுட்ட எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாமல் போத்தலில் சேர்த்தால் வாங்கிச் செல்வோர் இருக்கின்றனர்.

"ஆலைகள் ஆற்றையே கெடுக்கும்போது நம் வீட்டுக் குவளையா உலகைக் கெடுத்துவிடும்?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். 2018ஆம் ஆண்டு ஜனவரியில் சீனா அயல்நாட்டுப் பிளாஸ்டிக் கழிவுகளை வாங்குவதை நிறுத்தியதும், அக்கழிவுகள் நம் நாட்டுத் துறைமுகங்களுக்குத் திரும்பின. சிலாங்கூர், கோல லங்காட் மாவட்டத்தின் ஜெஞ்சாரோம் பகுதியில், செம்பனைக் காடுகளின் ஓரத்திலேயே உரிமமில்லாத ஆலைகள் முளைத்தன. இரவில் பிளாஸ்டிக் எரியும் நாற்றம் வீடுகளுக்குள் புகுந்தது. அவ்வூர் மக்கள் சும்மா இருக்கவில்லை. புகார்மேல் புகார் கொடுத்தனர். ஆலைகள் மூடப்பட்டன. 150 கொள்கலன் கழிவுகள் வந்த நாடுகளுக்கே திருப்பியனுப்பப்பட்டதாக 2020 ஜனவரியில் அரசாங்கம் அறிவித்தது. பிறர் புகையை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்கள் அவர்கள். நாமும் அவ்வாறு கேட்க வேண்டுமானால், நம் லயத்துப் புகை முதலில் அடங்கியிருக்க வேண்டாமா? தோட்ட நிர்வாகத்திடம் முறையான குப்பைத் தொட்டி கேட்பதற்கும் அப்போதுதான் வாய் வரும்.

2021ஆம் ஆண்டு கிறிஸ்துமஸை யாரும் மறந்திருக்க முடியாது. டிசம்பர் 17, 18ஆம் தேதிகளில் கொட்டிய மழையில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா நீரில் மூழ்கியது. நாடெங்கும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த வெள்ளத்துக்கு மழையின் மிகுதியே முதற்காரணம். குப்பைமேல் பழி போட்டுவிட முடியாது. ஆனால் நீர் வடிந்தபின் வீதியோரங்களில் மலையாய்க் குவிந்த பொருள்களைப் பார்த்தவர்கள், ஒரு வீட்டுக்குள் எத்தனை சாமான் இருக்கிறதென்று திகைத்துப்போயினர்.

சமயத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று எண்ணுவோர் மறைந்த போப்பாண்டவர் பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' மடலைப் படிக்கலாம். பிளாஸ்டிக்கைக் குறைப்பது, உண்ணும் அளவே சமைப்பது, குப்பையைப் பிரிப்பது, வேண்டாத விளக்கை அணைப்பது ஆகிய சிறு செயல்களையெல்லாம் அதில் எடுத்துரைக்கிறார். அவர் தேர்ந்துகொண்ட பெயருக்குரிய அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ், 1223ஆம் ஆண்டு கிரெச்சியோ என்னும் சிற்றூரில் முதன்முதலாகக் குடில் அமைத்தபோது அவருக்குத் தேவைப்பட்டவை கொஞ்சம் வைக்கோலும் ஒரு மாடும் ஒரு கழுதையும். நம் தோட்டத்தில் கழுதைக்குத்தான் பஞ்சம்.

இவ்வாண்டு நட்சத்திரம் கட்ட ஈர்க்கு சீவும் முறையைப் பாட்டிமார்களிடம் கேட்டு வருமாறு மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறோம். பெருநாளன்று தண்ணீர்க் குழாயடியில் தட்டுக் கழுவ நிற்போர் வரிசையில் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களையும் பெற்றோர் சேர்த்துக்கொள்ளலாம். அவர்களிடம் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறோம்.