கேட், டான்செட் கணக்கு: எதைப் போடணும்? எதை விடணும்?

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை முடித்து பட்டரைவாக்கத்தில் ரயில் ஏறுபவர்கள், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருப்பவர்கள் என எம்.பி.ஏ. கனவோடு போனில் மாதிரிக் கணக்கு போடும் இளைஞர்கள் ஏராளம். ஆனால், 'நூறு கணக்கு போட்டுப் பார்த்தாச்சு, மார்க் மட்டும் ஏறலையே' என்ற புலம்பலும் கேட்கிறது. ஏன் இப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

இரண்டு தேர்வு, இரண்டு கணக்கு

ஐ.ஐ.எம். கல்லூரிகளுக்கான தேர்வு கேட். அண்ணா பல்கலைக்கழகம் நடத்துவது டான்செட். இரண்டுக்கும் ஒரே மாதிரி தயாரானால் சிக்கல்தான்.

* கேட்: கணினி வழித் தேர்வு. 2024-ல் கணக்குப் பிரிவில் 40 நிமிடத்தில் 22 கேள்விகள். ஒரு கேள்விக்குச் சராசரியாக 109 வினாடி. திரையிலேயே கால்குலேட்டர் உண்டு.
* டான்செட்: ஓ.எம்.ஆர். தாளில் எழுதுவது. எல்லாப் பிரிவும் சேர்த்து 2 மணி நேரத்தில் 100 கேள்விகள். ஒரு கேள்விக்கு 72 வினாடிதான். கால்குலேட்டர் கிடையாது.

அதாவது டான்செட் எழுதுபவருக்கு வாய்ப்பாடும், சதவீதத்தைச் சட்டென்று பின்னமாக மாற்றும் பழக்கமும் கட்டாயம் வேணும்.

பத்தாம் வகுப்புக் கணக்குதான்... ஆனால்?

கேள்விகளில் பெரும்பகுதி சதவீதம், விகிதம், லாப நஷ்டம், வேகம், அடிப்படை இயற்கணிதம். பள்ளியில் பார்த்ததுதான். பிறகு எங்கே சறுக்குகிறது?

பூந்தமல்லியில் இருந்து அம்பத்தூருக்கு ஒருவர் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் பைக்கில் போகிறார். டிராஃபிக்கில் 20 கி.மீ. வேகத்தில் திரும்புகிறார். சராசரி வேகம் என்ன? பலரும் உடனே சொல்வது 25. அது தவறு.

தூரம் 12 கி.மீ. என வைத்துக்கொள்வோம். போக 24 நிமிடம், வர 36 நிமிடம். மொத்தம் 24 கி.மீ., ஒரு மணி நேரம். ஆக, சராசரி வேகம் 24 கி.மீ. மெதுவாகப் போன நேரம் அதிகம் என்பதால் சராசரியும் கீழே இறங்குகிறது. இந்த 25, விடைப் பட்டியலில் முதல் ஆளாக நின்று ஆசை காட்டும்!

கணக்கே போட வேண்டாத கேள்வி

டான்செட்டில் 'தகவல் போதுமா?' என்று ஒரு பிரிவு உண்டு. உதாரணமாக, ஒரு பொருளின் அடக்க விலை என்ன? தகவல் 1: அது 20% லாபத்துக்கு விற்கப்பட்டது. தகவல் 2: 600 ரூபாய்க்கு விற்கப்பட்டது.

தனித்தனியாகப் போதாது, சேர்ந்தால் போதும். விடை அவ்வளவுதான். 500 ரூபாய் என்று கண்டுபிடிக்க உட்கார்ந்தால் போவது நேரம்தான்.

மைனஸ் மார்க் செய்யும் வேலை

கேட்டில் சரியான விடைக்கு 3 மதிப்பெண். தவறான விடைக்கு 1 குறையும். டான்செட்டில் சரிக்கு 1, தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு குறையும்.

கேட்டில் இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 12 கேள்வி எழுதி 10 சரி, 2 தவறு: 28 மதிப்பெண். மற்றவர் 20 கேள்வி எழுதி 12 சரி, 8 தவறு: அவருக்கும் 28-தான். கூடுதலாக 8 கேள்வி எழுதியும் ஒரு மார்க்கூட லாபமில்லை.

நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால், சராசரியில் கிடைப்பது பூஜ்யம். ஒரு விடையாவது நிச்சயம் தவறு என்று நீக்க முடிந்தால்தான் யூகம் லாபம் தரும். ஆனால், கேட்டில் விடையை டைப் செய்யும் கேள்விகளுக்கு மைனஸ் கிடையாது. அவற்றைக் காலியாக விட வேண்டியதில்லை.

அப்போ எப்படிப் பயிற்சி எடுக்கணும்?

* ஆவடியில் இருந்து சென்ட்ரலுக்கு லோக்கல் ரயிலில் சுமார் முக்கால் மணி நேரம். கேட் கணக்குப் பிரிவின் நேரமும் கிட்டத்தட்ட அதுதான். டைமர் வைத்து 22 கேள்வி போட்டுப் பார்க்கலாம்.
* முதல் சுற்றில் எளிதானவை மட்டும். 30 வினாடியில் வழி தெரியாத கேள்வியைத் தாண்டிவிட வேண்டும்.
* தவறுகளை மூன்றாகப் பிரித்து எழுத வேண்டும்: தெரியாதது, தெரிந்தும் நேரம் இழுத்தது, அவசரத்தில் விட்டது. முதலாவதுக்குப் பாடம், இரண்டாவதுக்குப் பயிற்சி, மூன்றாவதுக்கு நிதானம். மருந்து வேறு வேறு.
* தவறிய கணக்கை ஒரு வாரம் கழித்து, விடையைப் பார்க்காமல் மீண்டும் போட வேண்டும்.

கேட் 2024-ஐ எழுதியவர்கள் சுமார் 2.93 லட்சம் பேர். இத்தனை பேரில் ஒருவரை முன்னே கொண்டுபோவது எத்தனை கணக்கு போட்டார் என்பது மட்டுமல்ல, எதைத் தொடாமல் விட்டார் என்பதும்தான். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்குக் கிடைப்பது தினமும் ஒரு மணி நேரம் என்றாலும், அதில் பாதியைத் தவறுகளைத் திரும்பிப் பார்க்கச் செலவிட்டால் மார்க் ஏற வாய்ப்பு அதிகம்.