தே, டீ, சாயா

நியூ ஜெர்சியின் பார்சிப்பனியில் 46ஆம் எண் சாலையோரக் காபிக் கடைகளில் ‘சாய் டீ லாட்டே’ விற்கிறார்கள். சாய் என்றாலே டீதானே, எதற்கு இரண்டு தடவை என்று நம்மவர்கள் சிரிக்கிறார்கள்.

ஆங்கிலம் டீயைக் குறிக்கும் சீனச் சொல்லை உண்மையிலேயே இரண்டு தடவை வாங்கியது. ஃபூஜியன் கடற்கரைப் பேச்சில் அது ‘தே’. டச்சு வணிகர்கள் அதைக் கப்பலேற்றினார்கள். 1700களின் தொடக்கத்தில் லண்டனிலும் ஏறக்குறைய ‘தே’தான்; கவிஞர் அலெக்சாண்டர் போப் அதற்கு ‘ஒபே’யை (obey) இயைபாக வைத்தார். தரைவழியே மேற்கே போன ‘சா’ பாரசீகத்தில் ‘சாய்’ ஆகி, இந்தியில் ஏலமும் இஞ்சியும் சேர்ந்து, இப்போது இங்கே வந்திறங்கியிருக்கிறது. அமெரிக்கருக்கு மசாலா போட்டால் சாய், போடாவிட்டால் டீ. இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

நாம் அவர்களையும் மிஞ்சியவர்கள். பழைய ‘தே’ நம்மிடம் தேயிலை, தேநீர், ஈழத்தில் தேத்தண்ணி. ஆங்கிலேயர் வாயில் ஒலி மாறியபின் வந்தது டீ. நாகர்கோவில் பக்கம் சாயா. டீக்கடையைத் தேநீர்க்கடை என்று எழுதிப்பாருங்கள், பெஞ்சும் தினத்தந்தியும் காணாமல் போய்விடும்.

ஒரே சொல்லைப் பலமுறை வாங்குவது நமக்குப் புதுப் பழக்கமுமல்ல. வடமொழி ‘சிரேஷ்டி’ பிராகிருதம் வழியாக வந்தபோது, தமிழ் முதலெழுத்தை உதிர்த்து ‘எட்டி’ என்றது. அது வணிகருக்கு அரசர் அளித்த பட்டம்; மணிமேகலையில் எட்டிகுமரன் உண்டு. பிறகு செட்டி. அதற்கும் பிறகு, சௌகார்பேட்டை வட்டிக்கடையில் சேட்டு. சொல்லாய்வாளர் பலர் காட்டும் வழி இது. பாவாணர் மரபினர் திசையை மாற்றிச் சொல்வார்கள். அவையும் சபையும் இதே கதைதான். கற்றோர் கூடினால் அவை, கிறிஸ்தவர் கூடினால் சபை. ஒன்றின் இடத்தில் மற்றதை வைக்க முடியாது.

நம் இதழின் கதைகளில் வரும் ‘டீ’யைத் ‘தேநீர்’ என்று திருத்தி வெளியிடக் கூடாதா என்று சில வாசகர்கள் கேட்கிறார்கள். தேநீரில் தமிழ் பாதிதான், அதுவும் தண்ணீர்ப் பாதி. பாத்திரத்தின் ஊரையும் காலத்தையும் காட்டும் சொல்லில் நாங்கள் கைவைப்பதாக இல்லை. அடுத்த இதழுக்கு எழுதுவோர், உங்கள் ஆள் குடிப்பது டீயா, சாயாவா, தேத்தண்ணியா என்று முடிவுசெய்தே அனுப்புங்கள்.