‘கட்’ படுத்தும் பாடு

ஆங்கிலத்தில் ‘கட்’ என்றால் என்ன பொருள் என்று கேட்டால், ‘வெட்டு’ என்று ஒரே குரலில் விடை வரும். நாம் நம்பியிருக்கும் நோட்ஸ்களும் அதற்கு மேல் போவதில்லை. அந்த ஒரு விடையை வைத்துக்கொண்டு மொழிபெயர்க்கப் புகுந்தால் படும் பாடு சொல்லி மாளாது. குழந்தை பல்லைக் ‘கட்’ செய்கிறது என்று ஆங்கிலேயன் சொன்னால், பல் முளைக்கிறது என்று பொருள். ‘கட்’ செய்த வைரம், பட்டை தீட்டிய வைரம். விலையைக் ‘கட்’ செய்வது விலைக் குறைப்பு. வாய்க்காலை இரு மொழிக்காரர்களும் வெட்டத்தான் செய்கிறார்கள். ஆனால், நாம் வெட்டும் கிணற்றை அவன் தோண்டுகிறான்!

காலம் காட்டுவதிலும் குழப்பமே. ‘தே கட் தி ட்ரீ’ என்றால் மரத்தை வெட்டுகிறார்களா, வெட்டிவிட்டார்களா? முன்பின் வாக்கியங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

நம் வீட்டுக்கு வருவோம். நெல்லை அறுக்கிறோம், காயை நறுக்குகிறோம், கீரையை அரிகிறோம், இளநீரைச் சீவுகிறோம், துணியைக் கத்தரிக்கிறோம், விறகைப் பிளக்கிறோம். கருவியும் கையின் போக்கும் மாறினால் சொல்லும் மாறுகிறது. கிராமத்திலிருந்து பஸ் ஏறி வரும் மாணவன் இவற்றை எந்தப் புத்தகத்திலும் படித்தவனல்லன். கூடவே கொண்டு வருகிறான். வகுப்பிலோ அவனுக்கு ஆங்கிலம் வராது என்பது மட்டுமே கணக்கு. நாளடைவில் அவனும் காயைக் ‘கட் பண்ணி’, துணியைக் ‘கட் பண்ணி’, போனையும் ‘கட் பண்ண’ப் பழகிவிடுகிறான். (வகுப்பைக் ‘கட்’ அடிப்பதில் நம்மவர்க்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.)

இதை வீண் அச்சம் என்று தள்ள முடியாது. ஆங்கிலத்திலேயே இது நடந்திருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் வெட்டுவதற்கும் அறுப்பதற்கும் பொதுவாக வழங்கியது, இன்றைய ‘கார்வ்’ என்ற சொல்லின் முன்னோடி. ‘கட்’ ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் எழுத்தில் தலைகாட்டியது. வந்த சொல் வீட்டையே பிடித்துக்கொண்டது. ‘கார்வ்’ இன்று மரச்செதுக்கு, கற்சிற்பம், விருந்து மேசை இறைச்சி என்று ஓரமாய் ஒதுங்கிக் கிடக்கிறது.

ஆகவே ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். ‘கட்’ வரும் பத்து வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, ஒவ்வொன்றுக்கும் உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள் என்று கேளுங்கள். கரும்பு, புல், நகம், வாழைத்தார், பென்சில் என்று எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம். அரை மணி நேரம் போதும்.