வேண்டாம் என்றவனும் முடியாது என்றவனும்

தோழனே,

"இடத்தைத் துறந்தார்." இரண்டே சொற்கள். கலந்தாய்வு ஏட்டில் ஒரு மாணவனின் பெயருக்கு எதிரே இந்த இரண்டு சொற்கள் விழுந்துவிட்டால், அவனுக்குக் கிடைத்த மருத்துவக் கல்லூரி இடம் போயிற்று. ஏன் துறந்தான் என்று ஏடு கேட்பதில்லை. இதனினும் நல்ல கல்லூரி கிடைத்ததால் துறந்தானா, கட்டணம் கட்ட வழியின்றித் துறந்தானா என்று எவரும் வினவுவதில்லை. அரண்மனையை விட்டு நடந்த சித்தார்த்தனும், வாடகை பாக்கிக்காக வீதிக்குத் தள்ளப்பட்டவனும் ஒரே பட்டியலில் துறவிகளாம்! வேண்டாம் என்றவன் வேறு. முடியாது என்றவன் வேறு. இந்த வேற்றுமையை அறியாத விதி, எத்துணை அழகாக அச்சடிக்கப்பட்டாலும், நீதி ஆகாது.

நான் கூறுவது கற்பனை அன்று. 2020ஆம் ஆண்டை எண்ணிப் பார். அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் சட்டமுன்வடிவு அவ்வாண்டு செப்டம்பரில் பேரவையில் நிறைவேறிற்று. ஆளுநரின் ஒப்புதலுக்காக வாரக்கணக்கில் காத்துக் கிடந்து, அக்டோபர்த் திங்களின் இறுதியில் உயிர் பெற்றது. நவம்பர் 18ஆம் நாள், சென்னை நேரு விளையாட்டரங்கில் கலந்தாய்வு தொடங்கிற்று. கூலி வேலை செய்வோரின் பிள்ளைகள், தறிநெய்வோரின் பிள்ளைகள், கழனியில் உழைப்போரின் பிள்ளைகள் மருத்துவராகும் ஆணையைக் கையில் பெற்றனர். கண்கொள்ளாக் காட்சிதான்!

ஆயின் ஆணையின் அடுத்த பக்கத்தில் கட்டணம் இருந்தது. அரசுக் கல்லூரியில் இடம் பெற்றவர் தப்பினர். தனியார் கல்லூரியில் இடம் பெற்றவர்க்கோ ஆண்டுக்கு லட்சக்கணக்கில் கட்டணம். அத்தொகையை வாழ்நாளில் ஒருசேரக் கண்டிராத தந்தையர் என் செய்வர்? பிள்ளையின் முகத்தைப் பார்த்தனர், தரையைப் பார்த்தனர், "வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினர். எதிர்க்கட்சியாய் இருந்த தி.மு.க.வின் தலைவர், அம்மாணவரின் கட்டணத்தைக் கட்சியே ஏற்கும் என்றார். முதலமைச்சராய் இருந்த எடப்பாடி பழனிசாமி, சுழல்நிதி அமைத்து அரசே கட்டும் என்று அறிவித்தார். நல்ல அறிவிப்பு, எவர் செய்தாலும் நல்லது நல்லதே. ஆனால் அதற்குள் கையெழுத்திட்டுத் திரும்பிவிட்டவர் நிலை? அவர்களுள் சிலர் உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்ட நேர்ந்தது.

அவர்களுடைய மதிப்பெண் குறைந்ததா? இல்லை. ஆர்வம் குறைந்ததா? அதுவும் இல்லை. "பணம் கட்டுவது யார்?" என்ற கேள்விக்குரிய விடை சில நாள் பிந்தி வந்தது. வெள்ளம் வடிந்த பின் வந்த ஓடம் எவரைக் கரை சேர்க்கும்? உதவி என்பது கலந்தாய்வுக்கு முன்னரே அறிவிக்கப்பட வேண்டும் என்பதே அந்த நவம்பர் நமக்குத் தந்த பாடம்.

அந்த 7.5 விழுக்காட்டினர்க்கு இன்று வழி பிறந்துவிட்டது. மற்றவர்க்கு? உறையூரில் தறி நெய்பவரின் மகள் அரசு உதவிபெறும் பள்ளியில் படித்திருந்தால், அந்த ஒதுக்கீடு அவளுக்கு இல்லை. திருவரங்கத்துச் சித்திரை வீதியில் பூக்கட்டி விற்கும் அம்மையாரின் பேத்தி, கடன் வாங்கிய கட்டணத்தில் தனியார் பள்ளியில் படித்திருந்தால், அவளுக்கும் இல்லை. இவர்கள் எல்லோரும் நோக்குவது நம் திருச்சியில் 1997ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியை. 1938இல் இந்தித் திணிப்பை எதிர்த்து முழங்கிய முத்தமிழ்க் காவலர் கி.ஆ.பெ. விசுவநாதம் அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கும் கல்லூரி அது. அங்கே இடம் கிட்டாதவர் தனியார் கல்லூரியையும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தையும் நோக்கித் திரும்பும்போதுதான் காப்புத்தொகை என்னும் கண்ணி காலில் மாட்டுகிறது.

விதியைக் கேள். மருத்துவக் கலந்தாய்வுக் குழு அண்மை ஆண்டுகளில் நடத்திவரும் அகில இந்தியக் கலந்தாய்வில், அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பொதுப்பிரிவினர் 10,000 ரூபாயும், பட்டியலினத்தார், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் 5,000 ரூபாயும் காப்புத்தொகை கட்ட வேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கோ எவராயினும் 2,00,000 ரூபாய்! முதற் சுற்றில் கிடைத்த இடத்தை ஏற்காமல் விலகினால் தொகை திரும்பும். இரண்டாம் சுற்றில் கிடைத்ததை ஏற்காமல் விலகினால் தொகை பறிபோகும்.

நாடகம் எழுதிப் பழகியவன் நான். இவ்விதியை மேடையில் ஏற்றிப் பார்க்கிறேன்.

தந்தை: ஐயா, பிள்ளைக்கு இடம் வந்தது. கட்டணம் கட்ட இயலவில்லை. காப்புத்தொகையையாவது திருப்பித் தரவேண்டும்.

எழுத்தர்: எந்தச் சுற்றில் வந்த இடம், பெரியவரே?

தந்தை: இரண்டாம் சுற்றில், ஐயா.

எழுத்தர்: முதற் சுற்றிலேயே விலகியிருந்தால் பணம் கிடைத்திருக்குமே!

தந்தை: முதற் சுற்றில் எங்களுக்கு இடமே வரவில்லையே, ஐயா!

திரை விழுகிறது. எழுத்தரைக் குறை கூற மாட்டேன். அவர் விதியைப் படித்தார். விதிதான் வாழ்க்கையைப் படிக்கவில்லை.

திருவரங்கத்துக் கோயிலுக்குத் திருச்சுற்றுகள் ஏழு. உள்ளே போனவர் அதே வழியாக வெளியே வந்துவிடுகிறார். காப்புத்தொகை உள்ளே போவதற்கு ஒரு நொடி. வெளியே வருவதற்கோ ஏழு மதில். கணக்கு எண் ஒரு மதில், சுற்று எண் ஒரு மதில், கடைசி நாள் ஒரு மதில். வைகுண்ட ஏகாதசியன்று திறக்கும் பரமபத வாசலுக்காவது பஞ்சாங்கம் பார்த்து முன்கூட்டியே நாள் சொல்லிவிடுகிறார்கள். பணம் திரும்பும் வாசல் என்று திறக்கும் என்று ஏழைத் தந்தைக்கு எந்தப் பஞ்சாங்கம் சொல்லும்?

மாற்றார் வாதத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். "காப்புத்தொகை இல்லையேல், ஒருவனே நான்கு இடங்களைப் பிடித்து வைத்துக்கொள்வான், இறுதி நாளில் உதறுவான், அந்த இடம் எவருக்கும் இன்றிப் பாழாகும்" என்கின்றனர். உண்மை. பாழான ஒவ்வோர் இடமும் நாடு இழந்த ஒரு மருத்துவர். ஆகவே இறுதி நாள்வரை இடத்தைப் பிடித்து வைத்து விளையாடுபவனைத் தண்டிப்பதை நான் எதிர்க்கவில்லை. அடுத்த சுற்றில் நிரப்பத்தக்க இடத்தை உரிய நாளில் ஒப்படைப்பவனையும் அதே தண்டனைக்கு ஆளாக்குவது ஏன்? அவன் விட்டுச்சென்ற இடத்தில் வேறொருவன் அமர்ந்துவிட்டான் எனில், எவருக்கு என்ன இழப்பு? மேலும், இரண்டு லட்சம் ரூபாய் ஒருவனுக்கு விருந்துச் செலவு; இன்னொருவனுக்கு வீட்டுப் பத்திரம். தொகை ஒன்றாக இருப்பதால் தண்டனை ஒன்றாகிவிடாது.

இதே சிந்தனை மேலிடத்திலும் எழுந்திருக்கிறது. மருத்துவ மேற்படிப்பைப் பாதியில் விடும் மாணவர்மீது பெருந்தொகை சுமத்தும் பிணைமுறியைக் கைவிடுமாறு, தேசிய மருத்துவ ஆணையம் 2024 சனவரியில் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. அதற்கு ஈடாக ஓராண்டுக் காலம் சேர்க்கைத் தடை விதிப்பதை எண்ணிப் பார்க்கலாம் என்றும் கூறிற்று. அஃதாவது, இடம் பாழாவதைத் தடுக்கப் பணப்பறிப்பு ஒன்றே வழியன்று என்பதை ஆணையமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

சட்டம் முற்றிலும் ஊமையன்று என்பதையும் நீ அறிந்துகொள். ஐந்தாண்டுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்கும் கல்லூரிகளை நோக்கி, ஓராண்டு அல்லது ஒரு பருவத்துக்குரிய கட்டணம் மட்டுமே வாங்கலாம் என்று 2003இல் இஸ்லாமிக் அகாடமி வழக்கில் உச்சநீதிமன்றம் உரைத்தது. தலைவரிக் கட்டணத்தைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1992 முதல் இருக்கிறது. மருத்துவ இடம் வருமோ வராதோ என்று அஞ்சி, வேறொரு கல்லூரியில் பணம் கட்டி வைக்கும் மாணவர் பலர். அவர்களுக்காகப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அக்டோபர் அறிவிக்கை பேசுகிறது: சேர்க்கையின் இறுதி நாளுக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால், அதிகம் போனால் 5,000 ரூபாய் கழித்துக்கொண்டு முழுக் கட்டணமும் திரும்ப வேண்டும், பிந்தப் பிந்த 90, 80, 50 விழுக்காடு எனக் குறையும், இறுதி நாள் கடந்து முப்பது நாளும் போய்விட்டால் ஒன்றும் இல்லை. மூலச் சான்றிதழ்களைப் பிணையாகப் பிடித்து வைக்கவும் அவ்வறிவிக்கை தடை செய்கிறது. சட்டம் இருக்கிறது, சட்டத்தைப் படித்துச் சொல்ல ஆள் இல்லை!

அந்த ஆள் நீதான், தோழனே. கலந்தாய்வுக் காலத்தில் மன்றத்தின் கதவைத் திறந்து வை. மேடையில் முழங்குவது என் வேலை. மேசை போட்டு அமர்வது உன் வேலை. பொன்மலையிலும் உறையூரிலும் திருவானைக்காவிலும், பணம் கட்டுவதற்கு முன்னர் வரும் குடும்பத்துக்கு நான்கு செய்திகளைச் சொல். ஒன்று, எந்தச் சுற்றுவரை விலகினால் பணம் திரும்பும் என்பது. இரண்டு, பணம் எந்தக் கணக்கிலிருந்து போனதோ அந்தக் கணக்குக்கே திரும்பும். ஆகவே இணைய மையத்தாரின் அட்டையிலோ இடைத்தரகரின் கணக்கிலோ கட்டக்கூடாது என்பது. மூன்று, விலகுவதை வாய்மொழியாகச் சொல்லாமல் எழுத்தில் பதிந்து, ஒப்புகை பெற்று வைக்க வேண்டும் என்பது. நான்கு, மூலச் சான்றிதழைத் தர மறுத்தால் அன்றே எழுத்தில் முறையிட வேண்டும் என்பது.

அரசிடம் நாம் கேட்பதும் நெடிய பட்டியல் அன்று. நிரப்பப்பட்ட இடத்துக்குரிய காப்புத்தொகை, விண்ணப்பம் இன்றியே, குறித்த நாளுக்குள் திரும்பட்டும். வறுமையால் விலகுவோரிடம் காரணம் கேட்கும் ஒரு கட்டம் அந்த ஏட்டில் சேரட்டும். "பணம் இல்லை" என்று அதில் ஒருவன் எழுதினால், இடத்தைப் பறிக்கும் முன்னர் உதவி அவனைத் தேடிச் செல்லட்டும்.

கல்லூரிப் படிப்பை முடிக்காதவன் நான். கல்வியின் அருமையைப் பட்டம் பெற்றவர் மட்டுமே அறிவார் என்று எண்ணாதே. வேண்டாம் என்பவன் போகட்டும், தடையில்லை. முடியாது என்பவனின் கையில் அந்தப் பேனாவைக் கொடுக்காதே! அவனை நிறுத்து, அமர்த்து, எவ்வளவு குறைகிறது என்று கேள்.