இரண்டு ஸ்டார் குடுத்ததுக்கு ஒரு ஈசிஜி

1/
போன மாசம் ஒரு சாயங்கால ஓபி. இருபத்தி சொச்சம் வயசுப் பெண். "நெஞ்சு படபடன்னு அடிக்குது டாக்டர். நாலு நாளா தூக்கமே இல்ல."

நாடித்துடிப்பு 104. பிரஷர் நார்மல். ஈசிஜி நார்மல். ரத்தசோகை இல்லை. மறுநாள் வந்த தைராய்டு ரிப்போர்ட்டும் நார்மல்.

"வீட்ல ஏதாவது பிரச்சனையாம்மா?"
"இல்ல டாக்டர்."
"கம்பெனியில?"
"அங்கயும் இல்ல."

கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு செல்போனை நீட்டினார். "ஒரு புக்குக்கு ரெண்டு ஸ்டார் குடுத்துட்டேன் டாக்டர். அதான்."

2/
முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நோயாளியின் கதையை வெளியே சொல்ல எனக்கு உரிமை கிடையாது. இந்தப் பதிவை அவரே படித்துப் பார்த்து, "போடுங்க டாக்டர்" என்று சொன்ன பிறகுதான் போடுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுத்தாளர் பெயரும் புத்தகத்தின் பெயரும் இங்கே வராது. கமெண்டில் யாரும் யூகம் செய்ய வேண்டாம்.

3/
நடந்தது இதுதான்.

சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. கம்பெனி வண்டியில் போகவும் வரவும் முக்கால் மணி நேரம். அந்த நேரத்தில் செல்போனில் நாவல் படிப்பார். படித்து முடித்ததும் நாலு வரி எழுதுவார்.

அன்றைக்கு எழுதியதன் சாரம்: முதல் பாதி நல்லா இருந்தது, கடைசி நாற்பது பக்கம் இழுவை, அம்மா கேரக்டர் ஏன் திடீர்னு மாறுதுன்னு புரியல. ஐந்துக்கு இரண்டு ஸ்டார். அவ்வளவுதான். ஒரு கெட்ட வார்த்தை இல்லை.

4/
எழுத்தாளர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்தார். பெயரும் போட்டோவும் அப்படியே தெரிய, தன் பக்கத்தில் போட்டார். மேலே ஒரே ஒரு வரி. இப்படிப்பட்டவர்களுக்காகவா நான் எழுதுகிறேன் என்கிற மாதிரி ஒரு வருத்தம்.

அவர் யாரையும் திட்டச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. மீதியை ரசிகர்கள் பார்த்துக்கொண்டார்கள். படிக்கத் தெரியுமா, மூஞ்சியைப் பாரு, கம்பெனியில் வேலை பார்க்கிறவளுக்கு எதுக்கு இலக்கியம்... கமெண்ட் நூற்றுக்கணக்கில் போனது. ஒருவர் வேலை செய்யும் கம்பெனியின் பெயரையே கண்டுபிடித்துப் போட்டுவிட்டார்.

அன்று ராத்திரியே விமர்சனத்தை அழித்தார். மறுநாள் கணக்கையும் மூடினார். படபடப்பு மட்டும் போகவில்லை.

5/
நம் உடம்புக்கு ஒரு விஷயம் தெரியாது. மயிலம் ரோட்டில் ராத்திரி நாய் துரத்தினாலும் சரி, செல்போனில் முன்னூறு பேர் திட்டினாலும் சரி, சுரக்கிறது அதே அட்ரினலின்தான். இதயம் வேகமாக அடிக்கும், கை வேர்க்கும், தூக்கம் வராது. நாய் பத்து நிமிஷத்தில் திரும்பிப் போய்விடும். செல்போன் தலையணைக்குப் பக்கத்திலேயே கிடக்கும். அதுதான் வித்தியாசம்.

மாத்திரை எழுதவில்லை. ஒரு வாரம் அந்த ஆப் வேண்டாம், ராத்திரி போன் வேறு அறையில் இருக்கட்டும், ஒரு வாரம் கழித்து வந்து காட்டும்மா என்றேன்.

6/
"டாக்டருக்கு இதுல என்ன வேலை?" என்று கேட்பீர்கள்.

நானும் ஸ்டார் வாங்குகிறவன்தான். கூகுளில் என் கிளினிக்குக்கு ஒருவர் ஒரு ஸ்டார் கொடுத்திருக்கிறார். காரணம்: "ஊசி போடல." சாதாரண வைரஸ் சளிக்கு ஊசியும் ஆன்டிபயாடிக்கும் வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் கிடைத்த மார்க் அது.

பார்த்தவுடன் கை பரபரத்தது. ஆனால் பதில் எழுத முடியாது. நோயாளி என்னிடம் வந்தார், இன்ன தொந்தரவு என்று பொதுவெளியில் சொல்லக்கூடாது. 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளிலேயே அது இருக்கிறது. அன்றைக்கு அந்த விதி எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது நினைத்தால் அதுதான் என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

7/
ஏனென்றால் அதற்குக் கீழேயே இன்னொரு ஒரு ஸ்டார் இருந்தது. "ரெண்டு மணி நேரம் நிக்க வெச்சாங்க. உக்கார இடம் இல்ல. பேன் ஓடல."

அது உண்மை. என் மேஜைக்கு மேலே பேன் ஓடிக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் இரண்டு பெஞ்சும் ஒரு பேனும் வந்தன. என் முகத்துக்கு நேராக இதை யாருமே சொன்னதில்லை. "டாக்டர் கோச்சிக்குவாரு" என்கிற பயம். முகம் தெரியாத ஒருவர்தான் சொன்னார்.

முதல் ஸ்டாரோடு சண்டைக்குப் போயிருந்தால் இரண்டாவது ஆள் எழுதியிருக்கவே மாட்டார்.

8/
இப்போது எழுத்தாளர் பக்கமும் நின்று பார்ப்போம். அவர் வலியும் பொய் இல்லை.

தமிழில் நிறைய புத்தகங்கள் சில நூறு பிரதிகள்தான் அச்சாகின்றன. பலர் சொந்தக் காசைப் போடுகிறார்கள். இரண்டு வருஷம் ராத்திரி ராத்திரியாக எழுதியதை யாரோ ஒருவர் வண்டியில் உட்கார்ந்துகொண்டு "இழுவை" என்று முடித்துவிடுகிறார்.

கணக்கும் கொடுமையானது. நாலு பேர் ஐந்து ஸ்டார் கொடுத்து, ஐந்தாவது ஆள் ஒரு ஸ்டார் கொடுத்தால் சராசரி 5லிருந்து 4.2க்கு இறங்கிவிடும். ஆயிரம் பேர் மதிப்பிட்ட பெரிய எழுத்தாளருக்கு அதே ஒரு ஸ்டார் ஒன்றுமே செய்யாது. அடி விழுவது புதுசாக எழுத வருகிறவருக்குத்தான்.

9/
வாசகர்கள் பக்கத்திலும் தப்பு நடக்கிறது.

அமெரிக்க எழுத்தாளர் எலிசபெத் கில்பர்ட் 2023 ஜூனில் தன் புது நாவலை அறிவித்தார். கதை நடப்பது ரஷ்யாவின் சைபீரியாவில். உக்ரைன் போர் நடக்கும்போது ரஷ்யக் கதையா என்று குட்ரீட்ஸ் தளத்தில் நூற்றுக்கணக்கான ஒரு ஸ்டார்கள் விழுந்தன. புத்தகம் அப்போது வெளிவரவே இல்லை. ஒருவரும் ஒரு பக்கம்கூடப் படித்திருக்க முடியாது. அவர் வெளியீட்டையே நிறுத்தி வைத்தார்.

நோயாளியைப் பார்க்காமலே மருந்துச் சீட்டு எழுதுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

10/
எழுத்தாளர்களும் சளைத்தவர்கள் இல்லை. கேத்லீன் ஹேல் என்ற அமெரிக்க எழுத்தாளர், தன் நாவலைத் திட்டி எழுதிய வாசகி யார் என்று தேடிக் கண்டுபிடித்து, அவர் வீட்டு வாசல் வரைக்கும் போனார். 2014 அக்டோபரில் கார்டியன் பத்திரிகையில் அதை அவரே எழுதினார்.

2023 டிசம்பரில் இன்னொன்று. கெயிட் கொரெய்ன் என்ற அறிமுக எழுத்தாளர் போலிக் கணக்குகள் தொடங்கி, தன்னைப் போலவே முதல் புத்தகம் கொண்டுவரும் மற்றவர்களுக்கு ஒரு ஸ்டார் போட்டுத் தள்ளினார். விஷயம் வெளியே வந்ததும் பதிப்பகம் அவர் புத்தகத்தையே கைவிட்டது.

11/
"அதெல்லாம் அமெரிக்கா டாக்டர், நம்ம ஊர்ல?"

நம் ஊரில் நடந்தது இதைவிடப் பெரியது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010ல் வந்தது. நாலு வருஷம் கழித்து, 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு கிளம்பியது. புத்தகத்தை எரித்தார்கள். முழு நாவலையும் யாரும் கையில் கொடுக்கவில்லை. சில பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் போட்டுப் பரப்பினார்கள். 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் பேச்சுவார்த்தை. எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று முகநூலில் அறிவித்தார்.

12/
2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு. சாரம் ரொம்ப எளிமையானது: யாரும் யாரையும் படிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை, பிடிக்கவில்லையா, தூக்கிப் போட்டுவிட்டுப் போங்கள். அந்த எழுதிக் கொடுத்த காகிதமும் அவரைக் கட்டுப்படுத்தாது என்றது. எழுத்தாளர் எழுதட்டும் என்றது.

அன்றைக்கு நாம் எல்லோரும் கொண்டாடினோம். நானும் ஷேர் செய்தேன்.

13/
என் கேள்வி இதுதான். அந்தத் தீர்ப்பு எழுத்தாளருக்கு மட்டும்தானா?

புத்தகம் பிடிக்கவில்லை என்றால் மூடி வை என்று வாசகனுக்குச் சொல்லலாம் என்றால், விமர்சனம் பிடிக்கவில்லை என்றால் மூடி வையுங்கள் என்று எழுத்தாளருக்கும் சொல்லலாம்தானே? விமர்சனமும் ஒரு எழுத்துதான். நாலே வரியாக இருந்தாலும், ஷிப்ட் முடிந்து வண்டியில் உட்கார்ந்து எழுதியதாக இருந்தாலும்.

அன்றைக்கு நாவலில் நாலு பக்கத்தைப் பிய்த்து ஜெராக்ஸ் போட்டுக் கூட்டத்தைக் கூட்டினார்கள். இன்றைக்கு நாலு வரியை ஸ்கிரீன்ஷாட் போட்டுக் கூட்டத்தைக் கூட்டுகிறோம். இரண்டும் ஒரே அளவு கொடுமை என்று சொல்ல மாட்டேன். ஆனால் செய்முறை ஒன்றுதான்.

14/
சட்டம் இதை 1860லேயே யோசித்து வைத்திருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் அவதூறுப் பிரிவான 499ல் ஆறாவது விதிவிலக்கைப் படித்துப் பாருங்கள். புத்தகம் வெளியிடுகிறவர், அதைப் பொதுமக்களின் தீர்ப்புக்குச் சமர்ப்பிக்கிறார் என்று அங்கேயே உதாரணம் இருக்கிறது. புத்தகத்தைப் படித்து, நல்லெண்ணத்தோடு "இது முட்டாள்தனமான புத்தகம்" என்று சொன்னாலும் அது அவதூறு ஆகாது. புத்தகத்தில் ஆதாரம் இல்லாமல் எழுதியவரின் நடத்தையை இழுத்தால், அந்தப் பாதுகாப்பு கிடையாது.

2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவிலும் இதே விதிவிலக்கு தொடர்கிறது.

கோடு எங்கே என்பது அப்போதே தெளிவு. புத்தகம் வரைக்கும் வா. ஆளைத் தொடாதே. இது இரண்டு பக்கத்துக்கும்தான்.

15/
"ஆனா டாக்டர், விமர்சனம் பண்ண ஒரு தகுதி வேண்டாமா?"

இந்தக் கேள்விக்கும் தமிழில் வயசு அதிகம். சி.சு.செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கியதே விமர்சனத்துக்காகத்தான். வரிவரியாக அலசிக் காரணம் காட்ட வேண்டும் என்பது அவர் கட்சி. நல்ல வாசகனின் ரசனையே போதும் என்பது க.நா.சு. கட்சி. அவர் போட்ட பட்டியல்களுக்கு அவர் வாங்கிய திட்டு கொஞ்சம் இல்லை.

ஆக, "எனக்குப் பிடிக்கல" என்பதும் நம் மரபில் ஒரு விமர்சனம்தான். அந்தப் பெண் அதற்கு மேலும் ஒரு படி போய், எந்த நாற்பது பக்கம், எந்தப் பாத்திரம் என்று காரணமும் சொல்லியிருந்தார். செல்லப்பா கட்சிக்கும் பாதி மார்க் வாங்கிவிட்டார்.

காய்ச்சல் குறையவில்லை என்று சொல்ல நோயாளி எம்பிபிஎஸ் படித்திருக்க வேண்டியதில்லை. ஏன் குறையவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

16/
என் மருந்துச் சீட்டு இது. மூன்று பேருக்கும் தனித்தனி.

எழுத்தாளருக்கு: வாசகரின் அபிப்பிராயத்துக்குப் பதில் வேண்டாம். நன்றிகூட வேண்டாம். "கதையைத் திருடினார்" என்பது மாதிரி பொய்யான தகவல் இருந்தால், ஒரே ஒரு முறை, ஆதாரத்தோடு, எழுதியவரின் பெயரும் போட்டோவும் இல்லாமல் மறுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

வாசகருக்கு: படித்த பிறகு எழுதுங்கள். பாதியில் விட்டீர்களா, பாதியில் விட்டேன் என்றே எழுதுங்கள். ஏன் என்று ஒரு வரி சேருங்கள். எழுதியவரின் சாதி, கட்சி, முகம் எதுவும் புத்தகத்தின் பக்கங்கள் இல்லை. பார்சல் கிழிந்து வந்ததற்கு எழுத்தாளருக்கு ஒரு ஸ்டார் போடாதீர்கள்.

ரசிகருக்கு: உங்களுக்குப் பிடித்த எழுத்தாளரைக் காப்பாற்ற வேண்டுமா? அவர் புத்தகத்தைப் படித்து நீங்களும் நாலு வரி எழுதுங்கள். அடுத்தவர் எழுதியதை அழிக்க வைக்காதீர்கள்.

17/
இதில் நஷ்டம் யாருக்கு என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த நாவலின் பக்கத்தில் இப்போது எல்லாமே ஐந்து ஸ்டார். பார்க்க அழகாக இருக்கிறது. அதை நம்பி ஒருவர் வாங்குவார். கடைசி நாற்பது பக்கத்தில் அவரும் மாட்டிக்கொள்வார். திட்டு வாங்க பயந்து எதுவும் எழுத மாட்டார். அந்த எழுத்தாளரின் அடுத்த புத்தகத்தைச் சத்தமில்லாமல் வாங்காமல் விட்டுவிடுவார். ஏன் விற்கவில்லை என்று எழுத்தாளருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.

ஜுரம் காட்டுதுன்னு தெர்மாமீட்டரை உடைச்சா ஜுரம் போயிடுமா?

18/
ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் வந்தார். நாடித்துடிப்பு 82. தூக்கம் பரவாயில்லை.

"இப்ப ஏதாவது படிக்கிறியாம்மா?"
"படிக்கிறேன் டாக்டர். லைப்ரரி புக்கு. ஆனா எதுவும் எழுதறதில்ல."
"ஏன்?"
"எதுக்கு டாக்டர் வம்பு?"

இருபத்தி சொச்சம் வயசில், சொந்தக் காசில் புத்தகம் வாங்கி, முழுசாகப் படித்து, காரணத்தோடு கருத்து சொல்லத் தெரிந்த ஒரு வாசகி. "எதுக்கு வம்பு" என்று வாயை மூடிக்கொண்டார். பெருமாள்முருகன் பேனாவை மூடி வைத்தபோது நாம் எல்லோரும் பதறினோம். இவர் மூடியதை யாரும் கவனிக்கக்கூட இல்லை.

எழுதும்மா என்றுதான் சொல்லி அனுப்பினேன். எழுதுவாரா என்பது என் கையில் இல்லை. இதைப் படிக்கிற எழுத்தாளர்கள் கையிலும் ரசிகர்கள் கையிலும் இருக்கிறது.



பொதுநல மருத்துவர்,
சேதராப்பட்டு, புதுச்சேரி.

பி.கு: "அப்ப உங்க கிளினிக்குக்கு ஒரு ஸ்டார் போடலாமா டாக்டர்?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: தாராளமாகப் போடுங்கள். வந்து பார்த்துவிட்டுப் போடுங்கள். ஊசி போடவில்லை என்பதற்காக மட்டும் வேண்டாம்.