மூன்று நிலைகளோடு நிறுத்தலாமா?

சாரல் காலத்தில் குற்றாலம் வருபவர்கள் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போவது பழைய வழக்கம். அந்த எண்ணெய் தேங்கிய நீரில் வண்ணம் வண்ணமாகப் படர்வதைத் தென்காசி வட்டார மாணவர்கள் பார்த்திருப்பீர்கள். படரப் படர வண்ணம் மறைந்துவிடும், எண்ணெய் மறைவதில்லை. ஒரே ஒரு மூலக்கூறு கனமுள்ள படலமாக அது நீர்மேல் தங்கியிருக்கக்கூடும்.

திடம், திரவம், வாயு என்று மூன்று நிலைகளைப் படிக்கிறோம். சூடாக்கினால் பனிக்கட்டி நீராகும், நீர் ஆவியாகும். பாடம் அத்துடன் நின்றுவிடுகிறது. இது போதாது என்பது என் கருத்து.

ஸ்டியரிக் அமிலம் போன்ற கொழுப்பு அமிலத்தின் ஒற்றை அடுக்கு நீர்மேல் மிதப்பதாகக் கொள்வோம். மூலக்கூறுகள் விலகி இருக்கும்போது அது வாயுவைப் போன்றது. பக்கவாட்டில் நெருக்கினால் திரவம்போல் ஆகிறது. மேலும் நெருக்கினால் திடம்போல் இறுகுகிறது. சூடாக்கவே இல்லை; இடத்தைக் குறைத்தோம், நிலை மாறியது! பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் இத்தகைய படலங்களின் நிலைமாற்றங்களை விரிவாக ஆராய்ந்துள்ளனர். மெல்லிய படலங்கள் உருகும் விதத்துக்குப் புதிய விளக்கம் தந்த காஸ்டர்லிட்ஸ், தௌலஸ் இருவரும் 2016இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

இது வெறும் வேடிக்கை அல்ல. நம் நுரையீரலின் காற்றுப்பைகளிலும் இப்படியொரு படலம் உண்டு. மூச்சை விடும்போது அது நெருங்கி இறுகுகிறது; பரப்பு இழுவிசை குறைகிறது; பைகள் ஒட்டிக்கொள்ளாமல் தப்புகின்றன. குறைமாதக் குழந்தைகள் சிலர் மூச்சுத் திணறுவதற்குக் காரணம் இந்தப் பொருளின் பற்றாக்குறையே என்பதை 1959இல் ஏவரி, மீட் என்ற இருவர் கண்டறிந்தனர். இன்று அதையே மருந்தாகக் கொடுக்கிறார்கள்.

"இதெல்லாம் கல்லூரிப் பாடம், விலையுயர்ந்த கருவி வேண்டும்" என்பார்கள் சிலர். ஜெர்மனியின் ஆக்னஸ் பொக்கல்ஸ் கல்லூரிக்கே போகாதவர். அக்காலத்தில் பெண்களுக்கு அங்கே இடமில்லை. வீட்டில் ஒரு தகரத் தொட்டியும் தகரப் பட்டையும் கொண்டு அவர் நீர்ப்பரப்பை அளந்தார். அந்த முடிவுகள் 1891இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தன.

நம் பள்ளிகளுக்கு ஓர் அகன்ற தாம்பாளம், நீர், முகப்பவுடர், ஊசி போதும். நீர்மேல் பவுடரை மெல்லத் தூவி, ஊசி நுனியால் நடுவில் எண்ணெய் வையுங்கள். பவுடர் விலகி வட்டம் தோன்றும். துளியின் விட்டம் அரை மில்லிமீட்டர், வட்டத்தின் விட்டம் 20 சென்டிமீட்டர் என்றால் கனம் என்ன? துளியின் பருமனை வட்டத்தின் பரப்பால் வகுத்துப் பாருங்கள்: சுமார் 2 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு! மூலக்கூறின் அளவையே நீங்கள் அளந்துவிட்டீர்கள்.

ஒரு பாடவேளை போதும். ஆசிரியர்கள் இதை ஒதுக்கித் தரவேண்டும். மாணவர்கள் கேட்டுப் பெறவேண்டும். ஆனால் சோதனை தாம்பாளத்தில் நடக்கட்டும். சிற்றாற்று நீரைக் குடிப்பவர்கள் கீழே இருக்கிறார்கள், அருவியை விட்டுவிடுவோம்.