ரேஷன் கடையில் பாமாயில் எதற்கு? நம்ம கடலையும் தேங்காயும் குதிரைவாலியும் எங்கே?



கேன்சர் என்றால் ஒரு காலத்தில் பட்டணத்துச் சீக்கு என்றோம். இன்றைக்கு கரண்ட் வைக்கவும் கீமோ ஏற்றவும் மதுரைக்குப் போகிற பஸ்ஸில் நம்ம சனமும் உட்கார்ந்திருக்கிறது. தலைவிதி என்று விட்டுவிடலாமா? எல்லாமே விதி இல்லை. ஒரு பங்கு நம் வட்டிலில் இருக்கிறது. அந்த வட்டிலில் எது விழ வேண்டும் என்பதைக் கோட்டையில் இருப்பவர்கள் முடிவு செய்கிறார்கள்!

காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சுடுகிறது. ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் கிருமியோடு சண்டை போடுகிற சூடு அது. நாலு நாளில் அடங்கிவிடும். டாக்டர்கள் இதைத்தான் அழற்சி என்கிறார்கள். ஆனால் அது அடங்காமல் வருஷக்கணக்கில் நீறுபூத்த நெருப்பாய் உள்ளே கிடந்தால்? செல்கள் செத்துச் செத்துப் புதுசாய்ப் பிறந்துகொண்டே இருக்கும். அவசரத்தில் பிறப்பதில் கோளாறு விழும். கோளாறு சேர்ந்த செல் கட்டுக்கு அடங்காமல் பெருகினால் அதுதான் புற்று. ஜெர்மன் மருத்துவர் விர்ஷோ 1863லேயே புற்றுக்கட்டிக்குள் வெள்ளை அணுக்கள் இருப்பதைப் பார்த்து இந்த உறவைச் சொன்னார்.

இந்த நெருப்புக்கு முதல் விறகு புகையிலை, பாக்கு, சாராயம். இதை மறைத்தால் சங்கம் பொய் சொன்னதாகும். அடுத்த விறகு சாப்பாடு. ரேஷனில் 2011 முதல் இலவச அரிசி. வேண்டாம் என்று யார் சொன்னது? பசியை ஆற்றிய அரிசி அது. ஆனால் தவிட்டை உரித்துவிட்ட அரிசியில் நார் ரொம்பக் குறைவு. நாரைத் தின்கிற நல்ல கிருமிகள் நம் குடலில் இருக்கின்றன. அவை உண்டாக்கும் அமிலம்தான் குடல் சுவரின் சூட்டைத் தணிக்கிறது. நார் குறைந்தால் பெருங்குடல் புற்றுக்கு வாய்ப்பு கூடுகிறது. மூணு வேளையும் வெள்ளைச் சோறு, மேலே சீனி போட்ட டீ என்றால் தொப்பை விழும். தொப்பைக் கொழுப்பு சும்மா கிடக்கிற மூட்டை இல்லை, அழற்சியைக் கிளப்பும் ரசாயனத்தைச் சுரந்துகொண்டே இருக்கிறது. உடல் பருமன் 13 வகைப் புற்றுக்கு வழிவிடுகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016ல் அறிவித்தது.

(ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவையும் விருதுநகர் எண்ணெய் புரோட்டாவையும் விட்டுவிடச் சொல்லி சங்கம் தீர்மானம் போடவில்லை. போட்டால் நம்ம நிர்வாகிகளே கட்சி மாறிவிடுவார்கள்! திருநாளுக்குத் தின்பதைத் தினமும் தின்னாதீர்கள், அவ்வளவுதான்.)

இப்போது பாமாயிலுக்கு வருவோம். 2007ல் சிறப்புப் பொது விநியோகத் திட்டம் என்று சொல்லி பாமாயில் பாக்கெட்டை ரேஷனுக்குக் கொண்டுவந்தார்கள். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இருந்து கப்பலில் வருகிற எண்ணெய். மேற்கு மலை அடிவாரம் முழுக்க தென்னை வைத்துவிட்டு, காய்க்கு விலை இல்லாமல் நாம் நின்றிருக்கிறோம்! பாமாயிலைத் தொட்டாலே கேன்சர் என்று நாம் சொல்லவில்லை. தேங்காய் எண்ணெய் கேன்சரைக் குணமாக்கும் என்றும் சொல்ல மாட்டோம். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற அந்தக் கதை பொய். எந்த எண்ணெயும் அளவோடுதான். ஆனால் எண்ணெயை 200 டிகிரிக்கு மேல் காய்ச்சிச் சுத்திகரிக்கும்போது கிளிசிடைல் எஸ்டர் என்ற பொருள் உண்டாகிறது. அது வயிற்றுக்குள் போய், புற்றை உண்டாக்கக்கூடிய கிளிசிடாலாய் மாறுகிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016ல் ஆராய்ந்தபோது இது அதிகமாய் இருந்தது பாமாயிலில்தான். பிறகு ஐரோப்பா இதற்கு உச்சவரம்பு போட்டது. வெள்ளைக்காரன் வயிறு வயிறு, நம்ம வயிறு தொட்டியா? ரேஷன் பாக்கெட்டில் அது எவ்வளவு இருக்கிறது என்று சோதித்து, கடைக்குக் கடை பலகையில் எழுதிப் போடு!

கடலை எண்ணெய் கேட்கிற நாம் கடலையைக் காய வைக்க வசதியும் கேட்க வேண்டும். ஈரத்தோடு மூட்டை கட்டின கடலையிலும் மக்காச்சோளத்திலும் பூசணம் பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற விஷம் சேரும். அது ஈரல் புற்றை உண்டாக்கும். ஹெபடைடிஸ் பி கிருமியால் ஏற்கெனவே ஈரல் அழன்று கிடப்பவருக்கு ஆபத்து பல மடங்கு. ரோட்டில் காயப் போட்டால் விரட்டுகிறார்கள். ஊர்க் களம் எங்கே? குழந்தை பிறந்த அன்றே போடுகிற ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைத் தாய்மார்கள் விட்டுவிடக் கூடாது.

2023ல் நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷனில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். அங்கே முடிந்தது இங்கே முடியாதா? நம்ம கரிசலில் குதிரைவாலியும் கம்பும் சோளமும் விளையவில்லையா? கட்டுபடியாகும் விலை கொடுத்து அவற்றை எங்களிடமே வாங்கு, அரிசியோடு சேர்த்து எங்களுக்கே கொடு! பாமாயிலுக்குப் பதில் உள்ளூர் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கொடு! ஊருக்கு ஒரு உலர்களம் கட்டு! தாலுகா ஆஸ்பத்திரியில் வாய், மார்பு, கர்ப்பவாய்ப் பரிசோதனையை மாதம் ஒரு நாளாவது கிராமத்துக்கே கொண்டு வா!

இந்த நாலையும் எழுதிய மனுவோடு சங்கத் தோழர்கள் ஊர் ஊராய் வருகிறார்கள். வீட்டுக்கு ஒரு கையெழுத்து போடுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீஸில் மனுக் கொடுக்கிற அன்று ஆளுக்கு ஒரு காலி பாமாயில் பாக்கெட்டோடு கிருஷ்ணன்கோவில் பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிடுங்கள். அங்கிருந்து சேர்ந்து போவோம்.